கணினிக் கேள்வி பதில்: எந்தக் கம்பைலர் மாறியது?

கேள்வி: வெண்ணாற்றுக் கிளை வாய்க்கால் மதகில் நீர்மட்டம் அளக்க, சிறிய ஏ.ஆர்.எம். பலகை ஒன்றுக்கான 4.19 லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையநிரலை) என் மடிக்கணினியில் கம்பைல் செய்து (மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றி) வந்தேன். மடிக்கணினியின் இயங்குதளத்தை உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கு மாற்றிய பிறகு, ‘ஒய்ஒய்லாக்’ என்ற பெயர் இருமுறை வரையறுக்கப்பட்டிருப்பதாகக் கூறி வேலை நின்றுவிடுகிறது. பலகைக்கான நிரலை மடிக்கணினியில் உருவாக்கும் கிராஸ் கம்பைலரின் பழைய பதிப்பை நிறுவியும் பயனில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பதற்குள் முடிக்க வேண்டும். என்ன செய்யலாம்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: நீங்கள் மாற்றியது பலகைக்கான கம்பைலர், பிழையோ உங்கள் மடிக்கணினியின் கம்பைலரிலிருந்து வருகிறது. பிழைக்குச் சற்று மேலே, ‘எல்டி’ என்றில்லாமல் ‘ஹோஸ்ட்எல்டி’ என்று அச்சாகியிருப்பதைப் பாருங்கள்; ‘ஹோஸ்ட்’ என்பது இங்கே உங்கள் மடிக்கணினி. வன்பொருள் விவரக் கோப்பைப் பலகைக்கேற்ற வடிவுக்கு மாற்றும் ‘டிடிசி’ என்னும் கருவி மடிக்கணினியில் ஓட வேண்டியது என்பதால், அதை மடிக்கணினியிலேயே உள்ள ஜிசிசி என்னும் கம்பைலரே கம்பைல் செய்கிறது.

அந்த ஜிசிசி உபுண்டு 20.04-இல் பதிப்பு 9, 22.04-இல் பதிப்பு 11. மதிப்புத் தராமல் அறிவிக்கப்பட்ட பொது மாறியைப் பதிப்பு 9 வரை ஜிசிசி ‘காமன்’ என்று மட்டும் குறித்துவைக்கும். அதே பெயர் வேறொரு கோப்பில் இருந்தாலும் கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் இரண்டையும் ஓசையின்றி ஒன்றாக்கிவிடும். 2020-இல் வந்த பதிப்பு 10 இந்தச் சலுகையை இயல்புநிலையில் நிறுத்திவிட்டது. ஒரே வயலுக்கு இருவர் பட்டா காட்டினால் பதிவு செய்ய மறுப்பதைப் போன்றதுதான் இது. என் கணிப்பில் கண்டிப்பு நியாயமானதே.

கெர்னல் மூலநிரலின் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ அடைவுக்குள் ‘டிடிசி’ அடைவில் உள்ள ‘டிடிசி-லெக்சர்.எல்’ கோப்பைத் திறந்து, ‘ஒய்ஒய்லாக்’ மாறியை அறிவிக்கும் ஒற்றை வரியை நீக்கிவிடுங்கள். அதே கருவியின் பார்சர் (இலக்கணத்தைப் பகுத்தறியும் பகுதி) கோப்பில் அதற்கு உரிய வரையறை ஏற்கெனவே இருப்பதால் எதுவும் குறையாது. கெர்னல் பராமரிப்பாளர்கள் செய்த திருத்தமும் இதுவே, 4.19 வரிசையின் பிந்தைய வெளியீடுகளில் அது சேர்ந்துவிட்டது, உங்கள் பலகைத் தயாரிப்பாளர் தந்த மூலநிரல்தான் அதற்கு முந்தையது. மூலநிரலைத் தொட மனமில்லையென்றால், ஜிசிசி 9-ஐ நிறுவி, கம்பைல் வேலையைத் தொடங்கும் ‘மேக்’ கட்டளையில் ‘ஹோஸ்ட்சிசி’ மாறிக்கு அதன் பெயரைத் தரலாம். ஆனால் அடுத்த மடிக்கணினியிலும் இதே சிக்கல் காத்திருக்கும்.

திருத்திய பின் ‘ஓபன்எஸ்எஸ்எல்’ என்னும் மறையாக்க நிரலகம் தொடர்பான எச்சரிக்கைகள் சில தோன்றலாம். அவை வேலையை நிறுத்துவதில்லை.