வீட்டில் எல்லோரும் தினமும் சத்து மாத்திரை சாப்பிடலாமா?

சைவக் குடும்பம், அப்பாவுக்குப் பல வருடச் சர்க்கரை நோய், மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. எல்லோருக்குமாக ஒரு மல்டிவைட்டமின் டப்பா வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தாளுநராக என் பதில்: வேண்டாம். குறைபாடு இருக்கும் இடத்தில் இந்த மாத்திரைகள் செய்யும் நன்மை மிகப் பெரியது. ஆனால் உங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு தேவை.

முதலில் அப்பாவைக் கவனியுங்கள். பி12 சத்து இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இயற்கையாகக் கிடைக்கிறது. சைவக்காரருக்குப் பாலும் தயிரும்தான் வழி. போதாததற்கு, சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் குடல் பி12-ஐ உறிஞ்சுவதும் குறைகிறது. பாதத்தில் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பது ஆகியவற்றை எல்லாம் ‘சர்க்கரை என்றால் அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். பாதி வேளை அதில் பி12 குறைபாட்டின் பங்கைப் பார்ப்பதே இல்லை. எனக்கு ஆற்றாமை தருவது இதுதான், ஏனென்றால் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்ய முடியும். நாள்பட்டால் நரம்பு முழுதாக மீளாமல் போகலாம். பி12 அளவைப் பார்க்காமல், இன்னொரு பி வைட்டமினான ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாகக் கொடுப்பதும் ஆபத்து. ரத்தசோகை சரியாவது போலத் தெரியும், நரம்புச் சேதமோ உள்ளுக்குள் தொடரும்.

மகளுக்கு அதே ஃபோலிக் அமிலம்தான் முக்கியம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனதைப் பலர் உணர்வதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். அதனால்தான் கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் சாப்பிடச் சொல்கிறார்கள். முன்பு இந்தக் குழாய் சரியாக மூடாத குறையோடு பிள்ளை பெற்ற தாய்மாரிடம் நடந்த ஆய்வில், அதிக அளவு ஃபோலிக் அமிலம் அது மீண்டும் வருவதை 72 சதவீதம் தடுத்தது. பிரிட்டனில் 1991-இல் வெளியான முடிவு அது. கூடவே ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதைக் காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதோடும் சேர்க்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு குடித்தால் நன்றாக உடலில் சேரும். மலம் கறுப்பாகப் போகும். பயந்து நிறுத்த வேண்டாம்.

உங்களைப் போல் குறைபாடு எதுவும் தெரியாத நடுவயதினருக்கு என்ன பயன்? அமெரிக்காவில் ஏறத்தாழ 26,000 பேருக்கு ஐந்து வருடத்துக்கும் மேலாக வைட்டமின் டி-யோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் வருவதும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை.

‘சத்துதானே, கூடினால் என்ன’ என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். டி வைட்டமின் 60,000 யூனிட் மாத்திரை நான்கு கொண்ட அட்டையாக வருகிறது. பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான் எழுதுவார்கள். அதைத் தினம் ஒன்றாகத் தொடர்ந்து விழுங்கிய பெரியவர் ஒருவரை அறிவேன். வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம். ரத்தத்தில் கால்சியம் எகிறி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் கிடந்தார். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை, உடம்பில் தங்கிவிடும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் புற்றுநோயைத் தடுக்கலாம் என்று, உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது என்று 1994-இல் தெரியவந்தது.

முடி உதிர்வதற்காக நீங்கள் பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் சாப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தைராய்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் அதை மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள். அதிக அளவு பயோட்டின் உடம்பில் இருந்தால் தைராய்டு அளவுகள் தவறாகக் காட்டலாம்; இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட வேண்டிவரலாம்.