பில் போடுகிற கம்ப்யூட்டர் படுக்கும் முன்: கேள்வி பதில்

கே (ஜவுளிக்கடை, ஈரோடு): எங்களிடம் ஆறு கம்ப்யூட்டர்கள். கெட்டால் ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளலாமே, ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எதற்கு?

ப: அது படுக்கிற நாளை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாதே! தீபாவளிக்கு முந்திய ஞாயிறு மாலை பில் கவுன்ட்டர் நின்றால், சர்வீஸ் கூலியா பெரிது? துணியை வைத்துவிட்டு எழுந்து போகும் கூட்டம்தான் பெரிது. ஹார்டு டிஸ்க் பல சமயம் முன்கூட்டியே சொல்லிவிடும். பழுதென்று அது ஒதுக்கிய பகுதிகளின் எண்ணிக்கை அதன் பதிவிலேயே இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் உடனே மாற்றிவிட வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல், கூப்பிட்டால் மட்டும் வருகிறவருக்கு ஏஎம்சி கொடுக்காதீர்கள். அது முன்பணம் கட்டிய ரிப்பேர், அவ்வளவுதான்.

கே (ஆடிட்டர் அலுவலகம்): தினமும் டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) பேக்கப் எடுத்து பென் டிரைவில் வைக்கிறோம். போதாதா?

ப: அந்தப் பென் டிரைவ் இப்போது எங்கே? அதே கம்ப்யூட்டரில் செருகியபடி இருந்தால், ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு நகலாவது கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

இன்னொன்று: கடைசியாக எப்போது அதை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தீர்கள்? 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுவோரின் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸையே அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், வைத்திருந்த இடம் காலி. மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் பேக்கப் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நானும் பட்டிருக்கிறேன். ஓரிடத்தில் டேலி ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றினேன். பேக்கப் மட்டும் நாலு மாதம் பழைய ஃபோல்டரையே பத்திரமாக நகலெடுத்துக்கொண்டிருந்தது. இப்போது மாதம் ஒருமுறை திறந்து, கடைசி வவுச்சரின் தேதியைப் பார்க்காமல் நகருவதில்லை.

கே (அச்சகம்): அப்டேட் போட்டாலே பிரிண்டர் மக்கர் செய்கிறது. நிறுத்திவிட்டேன்.

ப: உங்கள் புகார் பொய்யில்லை. ஆனால் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. தாக்குதல் வந்தது மே 12. நடுவில் இரண்டு மாதம் இருந்தும் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறின. முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் போடுங்கள். ஒரு நாள் அச்சு ஒழுங்காக வந்தால், அப்புறம் மற்றவற்றுக்கு. விண்டோஸ் 10 என்றால் அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. புதிதாக மாற்றக் கணக்குப் போடுங்கள்.

கே (மெடிக்கல் ஷாப்): யூபிஎஸ் இருக்கிறதே, கரண்ட் போனால் கவலையில்லைதானே?

ப: பேட்டரி எந்த வருடம் மாற்றியது? மூன்று வருடம் தாண்டியிருந்தால் நம்பாதீர்கள். இன்று கடை சாத்தியதும், எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு, யூபிஎஸ்ஸுக்கு வரும் சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள்.