கண்ணாடிச் செலவு மிச்சம் என்பதற்காக லேசர் சிகிச்சையா?

கேள்வி: எனக்கு வயது 33. பள்ளி நாட்களிலிருந்தே கண்ணாடி. இப்போது இரண்டு கண்ணிலும் மைனஸ் 4. வேலை நாட்களில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள்கிறேன். மாலையானால் கண் உறுத்துகிறது. லேசர் சிகிச்சைக்கு ஒரு மருத்துவமனையில் விசாரித்தேன். லென்ஸ், அதைக் கழுவும் திரவம், கண்ணாடி, பரிசோதனை என்று ஒரு வருடத்தில் எனக்கு ஆகும் செலவைப் போல ஏழு மடங்கு கேட்கிறார்கள். ஏழு வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும், அதன் பிறகு எல்லாமே லாபம் என்பது என் கணக்கு. அவசரகால நிதியில் பாதியை எடுத்தால் முழுத் தொகையையும் கட்டிவிடலாம். இல்லையென்றால் 12 மாத வட்டியில்லாத் தவணையும் தருகிறார்கள். இந்த மாத இறுதிக்குள் பதிவு செய்தால் தள்ளுபடி உண்டாம். எட்டு மாதத்துக்கு முன் கண்ணாடி மாற்றியபோது பவர் 0.75 கூடியிருந்தது. என் கணவர், "கண்ணாடியே போதாதா?" என்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: இந்த மாதம் வேண்டாம். அவசரகால நிதியில் கை வைக்கவும் வேண்டாம். சிகிச்சை ஆசையையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் காரணம் கணக்கில் நிற்கவில்லை. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

உங்கள் வருடாந்தரக் கண் செலவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை கேட்பது 700. ஆனால் உங்கள் கையிலிருந்து போகப்போவது 700 மட்டும் இல்லை. சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைகளுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். சிகிச்சைக்குப் பின் சில வாரங்களுக்கு மருந்துச் சொட்டுகள், பல மாதங்களுக்குக் கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டுகள் தேவைப்படும். விடுப்பு எடுக்க வேண்டும். கருவிழியில் ஒரு மெல்லிய மடலைத் திறந்து செய்யும் லேசிக் முறையில் பெரும்பாலோர் ஓரிரு நாட்களில் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கருவிழியின் மேல்தோலை அகற்றிவிட்டுச் செய்யும் பி.ஆர்.கே. முறையில் முதல் சில நாட்கள் வலி இருக்கும். பார்வை தெளியவும் வாரங்கள் ஆகும். சம்பளமில்லா விடுப்பு என்றால் அதுவும் செலவுதான். இவற்றுக்கெல்லாம் சேர்த்து, சிக்கனமாகவே, இன்னொரு 100 வைக்கிறேன். ஆக 800.

இனி மிச்சத்துக்கு வருவோம். வருடத்துக்கு 100 மிச்சமாகாது. லேசர் உங்கள் கருவிழியின் வளைவை மாற்றுகிறது, அவ்வளவுதான். கிட்டப்பார்வையால் நீண்டுபோன கண் நீண்டபடியேதான் இருக்கும். விழித்திரை விலகும் அபாயம் மைனஸ் பவர் உள்ளவர்களுக்குச் சற்று அதிகம். கண்ணாடி போன பிறகும் அந்த அபாயம் போகாது. எனவே கண் பரிசோதனைக்குத் தொடர்ந்து போகத்தான் வேண்டும். அந்தச் செலவைக் கழித்தால் வருடத்துக்கு 80 மிச்சம் என்று கொள்ளலாம். 800ஐ 80ஆல் வகுத்தால் பத்து வருடம். அந்தப் பணத்தை வங்கியில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டியையும் சேர்க்க வேண்டும்; ஆனால் லென்ஸ் விலையும் வருடாவருடம் ஏறும் என்பதால் ஒன்றை இன்னொன்றுக்கு ஈடாக விட்டுவிடுகிறேன்.

பத்து வருடம் கழித்து உங்களுக்கு 43 வயது. வெள்ளெழுத்து எட்டிப் பார்க்கும் வயது அது. நாற்பதுகளில் கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் இறுகி, கிட்டத்தில் இருப்பதைக் குவித்துப் பார்க்கும் திறன் குறைகிறது. இது எல்லோருக்கும் வரும். லேசர் செய்துகொண்டவர்களுக்கும் வரும். போட்ட பணம் திரும்பும் நேரத்தில் நீங்கள் படிக்கும் கண்ணாடி வாங்கப் போய்க்கொண்டிருப்பீர்கள். 'அதன் பிறகு எல்லாமே லாபம்' என்ற பகுதி இங்கேதான் கரைந்துபோகிறது.

இதில் பலர் யோசிக்காத இன்னொரு பக்கமும் உண்டு. உங்கள் பவர் மைனஸ் 4. நூறு சென்டிமீட்டரை 4ஆல் வகுத்தால் 25. அதாவது, கண்ணாடி இல்லாமலே 25 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் எழுத்து உங்களுக்குத் தெளிவாகத் தெரியும். இப்போதே கண்ணாடியைக் கழற்றிவிட்டு மருந்துப் பெட்டியின் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். ஐம்பது வயதிலும் உங்களால் அப்படிப் படிக்க முடியும். கிட்டப்பார்வை உங்களுக்குத் தரும் சலுகை அது. தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரிவதற்காக லேசர் மூலம் பவரைப் பூஜ்யமாக்கிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். இதைத் தவிர்க்க, ஒரு கண்ணில் மட்டும் கொஞ்சம் மைனஸை மீதம் வைக்கும் வழக்கம் உண்டு. எல்லோருக்கும் அது ஒத்துவராது. மருத்துவர் உங்களுக்கு அதைச் சொன்னால், முதலில் கான்டாக்ட் லென்ஸ் மூலம் சில நாட்கள் அதே ஏற்பாட்டில் இருந்து பார்க்கக் கேளுங்கள். அதற்கு ஆகும் செலவு அற்பம்.

ஆகவே, இதை முதலீடு என்று நினைப்பதை விட்டுவிடுங்கள். தினமும் ஒரு புது லென்ஸ் போட்டு வீசும் 25 வயதுக்காரருக்கு, பவர் நிலையாக இருந்தால், சிகிச்சைச் செலவு சில வருடங்களிலேயே திரும்பிவிடலாம். மூன்று வருடத்துக்கு ஒரு கண்ணாடி மாற்றுபவருக்கு ஒருநாளும் திரும்பாது. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள்: பெரிய நஷ்டமில்லை, லாபமும் இல்லை.

கணக்கில் லாபம் காட்டாததாலேயே ஒரு செலவு வீண்செலவாகிவிடாது. நள்ளிரவில் விழித்தால் கடிகாரம் தெரிவது, மழையில் கண்ணாடியைத் துடைக்காமல் நடப்பது, நீச்சல் குளத்தில் எதிரே வருபவர் யார் என்று அடையாளம் காண்பது ஆகியவற்றுக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு எவ்வளவு என்று நான் சொல்ல முடியாது. உங்கள் கணவராலும் சொல்ல முடியாது. கண்ணாடி போதும் என்று அவர் நினைப்பது நியாயமான கருத்துதான். ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக அதை மூக்கில் சுமப்பவர் நீங்கள். அவரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்: "இது பணத்தை மிச்சம் பிடிக்காது. இருந்தாலும் எனக்கு வேண்டும். நம் வரவுசெலவில் இதற்கு இடம் இருக்கிறதா?" லாபக் கணக்கு காட்டி வாதாடுவதைவிட இது நேர்மையானது, விடையும் சீக்கிரம் கிடைக்கும்.

ஏன் இந்த மாதம் வேண்டாம் என்கிறேன்? பணத்துக்கு முன் கண்ணே அதற்குக் காரணம். ஒரு வருடத்தில் 0.50 டயாப்டருக்கு (பவரை அளக்கும் அலகு அது) மேல் பவர் மாறியிருந்தால் பொதுவாக லேசர் செய்வதில்லை. உங்களுக்குக் கூடியது 0.75, மாற்றி எட்டு மாதம்தான் ஆகிறது. பவர் நகர்ந்துகொண்டிருக்கும்போது செய்தால், சில வருடங்களில் மீண்டும் கண்ணாடி போட நேரலாம். அப்போது பத்து வருடக் கணக்கும் குலைந்துவிடும். முப்பது வயதைத் தாண்டிய பிறகு பவர் கூடுகிறதென்றால் ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் அவசியம். கருவிழி மெலிந்து கூம்புபோல் முன்தள்ளும் கெரடோகோனஸ் என்ற நோய் இருந்தால் லேசிக் கூடவே கூடாது. கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபடமாக எடுக்கும் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். கருவிழியின் தடிமனையும் அளப்பார்கள். சராசரியாக 540 மைக்ரான் அளவில் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). லேசிக்கில் முதலில் மேலே ஒரு மெல்லிய மடலைத் திறந்து, அதன் அடியில் ஒவ்வொரு டயாப்டருக்கும் ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் வரை லேசர் செதுக்குகிறது. அதற்குப் பிறகும் அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். மெல்லிய கருவிழி உள்ளவர்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கிலேயே விடை வந்துவிடுகிறது.

இன்னொன்று, மாலையில் கண் உறுத்துவது. சிகிச்சை வேண்டும் என்பதற்கு அதை ஒரு காரணமாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை எச்சரிக்கையாகப் படிக்கிறேன். உறுத்தல் லென்ஸால் மட்டும் வருகிறதென்றால், லென்ஸ் போனால் அதுவும் போகலாம். ஆனால் உங்கள் கண்ணே வறண்ட கண் என்றால், லேசிக் அதை மோசமாக்கக்கூடும். கருவிழியின் நரம்பு இழைகள் அதில் வெட்டுப்படுகின்றன. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நடத்திய 'ப்ரௌல்' ஆய்வுகளில், முன்பு வறட்சியே இல்லாதவர்களில் 30 சதவீதம் வரை மூன்று மாதம் கழித்து வறட்சி அறிகுறிகளைச் சொன்னார்கள். விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், கண்கூச்சம், இரட்டைப் பிம்பம் போன்ற தொந்தரவுகள் முன்பு இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை மூன்றாம் மாதத்தில் அவற்றில் ஏதேனும் ஒன்றைச் சொன்னார்கள். அதே ஆய்வுகளில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பார்வை திருப்தியாக இருப்பதாகவும் சொன்னார்கள். அந்தத் தொந்தரவுகளால் அன்றாட வேலைகளே கடினமாகிப்போனவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இரண்டையும் சேர்த்தே பாருங்கள். இரவில் அதிகம் வண்டி ஓட்டுபவருக்கும் ஓட்டாதவருக்கும் இந்த எண்களின் எடை ஒன்றல்ல.

அதனால் உங்கள் முதல் செலவு ஒரு பரிசோதனைக் கட்டணமாக இருக்கட்டும். லேசர் செய்யாத, உங்களுக்கு அதை விற்பதால் எந்த ஆதாயமும் இல்லாத ஒரு கண் மருத்துவரிடம் போங்கள். பவர் நிலை, கருவிழி, கண்ணீர்ச் சுரப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கருவிழியை அளப்பதற்கு முன் லென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும். மென்மையான லென்ஸ் என்றால் இரண்டு வாரம். மற்ற வகைகளுக்கு இன்னும் கூடுதல். லென்ஸ் கருவிழியின் வடிவத்தைச் சற்று மாற்றிவிடும் என்பதால், நிறுத்தாமல் எடுத்த அளவு தவறாகப் போகலாம். இந்த முழு விஷயத்திலும் மிகச் சிறிய தொகை இந்தக் கட்டணம்தான். மிகப் பெரிய தொகை தேவையா இல்லையா என்பதை அதுவே தீர்மானிக்கும்.

அவசரகால நிதியை ஏன் தொடக்கூடாது என்பதற்கு விளக்கம் தேவையில்லை என்றாலும் ஒன்றைச் சொல்கிறேன். சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்களில்தான் உங்களுக்கு அந்த நிதி வழக்கத்தைவிட அதிகம் தேவைப்படலாம். குணமாகக் கூடுதல் நாள் ஆனாலும், இன்னொரு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தாலும் பணம் கையில் இருக்க வேண்டும்.

வட்டியில்லாத் தவணைக்கு வருவோம். வட்டி இல்லை என்றாலும் கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள். 'பரிசீலனைக் கட்டணம்' என்ற பெயரில் ஒரு தொகை முன்கூட்டியே பிடிக்கப்படலாம். மொத்தமாகக் கட்டுபவருக்கு விலை குறைகிறதென்றால், அந்த வித்தியாசம்தான் நீங்கள் கட்டும் வட்டி. ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்பதையும் ஒப்பந்தத்தில் படியுங்கள். சில திட்டங்களில் வட்டி முதல் நாளிலிருந்தே கணக்காகிவிடும். அவசரமில்லாத ஒரு சிகிச்சைக்குக் கடன் வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. மாதத் தவணையாகக் கட்டக்கூடிய அதே தொகையை அடுத்த மாதத்திலிருந்து தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். பன்னிரண்டு மாதத்தில் பணம் சேர்ந்துவிடும். அதற்குள் பவர் நிலைத்துவிட்டதா என்பதும் தெரிந்துவிடும். கண் பொருந்தாது என்று மருத்துவர் சொன்னால் பணமாவது உங்களிடம் இருக்கும்.

மாத இறுதித் தள்ளுபடிக்காக உங்கள் கண்ணை அவசரப்படுத்தாதீர்கள். தள்ளுபடி இல்லாத விலையிலும் இது உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள்; வேண்டாம் என்று தோன்றினால் தள்ளுபடி விலையிலும் வேண்டாம்.

அடுத்த வருடம் போகும்போது விலையை எழுத்தில் வாங்குங்கள். சொன்ன தொகை இரண்டு கண்ணுக்குமா, எந்த முறைக்கு, பரிசோதனையும் மருந்தும் அதில் அடக்கமா, திருத்தச் சிகிச்சை தேவைப்பட்டால் எத்தனை வருடம் வரை இலவசம், பரிசோதனையில் பொருந்தாது என்று தெரிந்தால் முன்பணம் முழுவதும் திரும்புமா என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டு இடத்துத் தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எது மலிவு என்பதே தெரியும். மருத்துவக் காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பல பாலிசிகள் இதை அத்தியாவசியச் சிகிச்சையாக ஏற்பதில்லை. நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். உங்கள் வேலை சீருடைப் பணியோ விமானப் பணியோ என்றால், எந்த முறை அனுமதிக்கப்படுகிறது, எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்ற விதிகளையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிகிச்சை செய்துகொண்டால், அதற்கு முன் எடுத்த கருவிழி அளவுகள், பழைய பவர், செய்த முறை ஆகிய எல்லாத் தாள்களின் நகலையும் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரம், காப்பீட்டு பாலிசியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வயதான காலத்தில் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் போகும்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் அளவைக் கணக்கிட அந்தப் பழைய எண்கள் உதவும். லேசர் செய்த கருவிழியில் வழக்கமான கணக்கு பிசகிவிடும். கண் அழுத்தமும் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும் என்பதால், புதிதாகப் பார்க்கும் ஒவ்வொரு கண் மருத்துவரிடமும் லேசர் செய்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.