முதுகெலும்பு வளைவும் காலக்கெடுச் சட்டமும்: கேள்வி பதில்

குழந்தைகளின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதை ஸ்கோலியோசிஸ் என்கிறோம். அதற்கு உரிய காலத்தில் சிகிச்சை கிடைப்பதைச் சட்டத்தால் உறுதிசெய்ய முடியுமா என்று நீலகிரியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்கு 12 வயது. ஒரு தோள் உயர்ந்திருக்கிறது. புத்தகப் பையைச் சுமப்பதால்தான் என்கிறார்கள். உண்மையா ஐயா?

இல்லை அம்மா. பையோ உட்காரும் விதமோ இதற்குக் காரணமல்ல. பத்தில் எட்டுப் பேருக்குக் காரணமே கண்டறிய முடியாத வளைவுதான் வருகிறது. கால்களைச் சேர்த்து நின்று, முழங்காலை மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டு முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்-ரேயில் வளைவு 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால்தான் இந்நோய் என்று சொல்வார்கள்.

கூடலூரிலிருந்து ஓர் ஆசிரியர்: எத்தனையோ நோய்கள் இருக்க, இதற்கு மட்டும் காலக்கெடு ஏன்?

இந்நோயில் சிகிச்சைக்கான காலத்தைக் குழந்தையின் வளர்ச்சியே முடிவுசெய்கிறது. வளைவு ஏறத்தாழ 25 முதல் 40 பாகைக்குள் இருந்து, எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டும் இருந்தால், உடலைச் சுற்றி அணியும் பிரேஸ் வளைவு மேலும் கூடாமல் தடுக்க உதவும். 45, 50 பாகையைத் தாண்டினால் அறுவை சிகிச்சையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு அறுவை சிகிச்சை அளவை எட்டவில்லை. வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் அது 48 விழுக்காடே. பூப்பெய்துவதற்குச் சற்று முன்னும் பின்னுமாகச் சிறுமியர் வேகமாக உயரும் மாதங்களில்தான் வளைவும் வேகமாகக் கூடுகிறது. அந்த மாதங்களை ஒரு சிறுமி வரிசையில் காத்திருந்தே கழித்தால், பிரேஸ் என்ற வழி அவளுக்கு அடைபட்டுவிடும். பந்தலூர்த் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய், ஒவ்வொரு முறையும் கூலியை இழந்து மகளைக் கோவைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

குன்னூரிலிருந்து ஒரு வழக்கறிஞர்: இப்போதுள்ள சட்டங்கள் போதாதா?

அடித்தளம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் போவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை மீறுவதாகும் என்று, மேற்கு வங்க வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ஆனால் அது விபத்தில் சிக்கியவருக்கான அவசர சிகிச்சை பற்றியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தன் 25ஆம் பிரிவில், ஆபத்துக்குரிய நிலையில் உள்ளவர்களைக் கண்டறிய எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதிக்கச் சொல்கிறது. கண்டறிந்த பின் எத்தனை நாளுக்குள் சிகிச்சை என்ற வரிதான் அதில் இல்லை. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆகவே நம் சட்டமன்றமே இதற்குச் சட்டம் இயற்றலாம். சுகாதார உரிமைக்கென்று ராஜஸ்தான் 2023இல் சட்டம் இயற்றியிருக்கிறது.

உதகையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அரசாணையோ அமைச்சரின் வாக்குறுதியோ போதாதா?

அயர்லாந்தைப் பாருங்கள். ஸ்கோலியோசிஸ் அறுவை சிகிச்சைக்காக எந்தக் குழந்தையும் நான்கு மாதங்களுக்கு மேல் காத்திருக்காது என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் சைமன் ஹாரிஸ் 2017இல் உறுதியளித்தார். அது நிறைவேறவில்லை, அதன் பிறகும் பல ஆண்டுகள் குழந்தைகள் காத்திருந்தார்கள். மீறினால் யார் பதில் சொல்வது என்பது எழுதப்படாத வாக்குறுதியைப் பெற்றோரால் எந்த அதிகாரியிடமும் நீட்ட முடியாது.

அதே மாணவி: அப்படியானால் சட்டத்தில் என்ன இருக்க வேண்டும்?

மருத்துவமனையின் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறும் நாளிலிருந்து காலக்கெடுவை எண்ணக் கூடாது. பள்ளிப் பரிசோதனையில் ஐயம் எழுந்த நாளிலிருந்தே எண்ண வேண்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் மலையில் தாமதத்தின் பெரும்பகுதி பட்டியலுக்கு வெளியேதான் நிகழ்கிறது. எக்ஸ்-ரேக்கு, நிபுணரைப் பார்ப்பதற்கு, பிரேஸ் கைக்கு வருவதற்கு, அறுவை சிகிச்சைக்கு என்று தனித்தனிக் கெடு வேண்டும்; வளரும் வயதில் உள்ளவர்களுக்கு முன்னுரிமை வேண்டும். கெடு தவறினால் அரசே தன் செலவில் வேறு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். குழந்தையுடன் வருபவரின் பயணச் செலவையும் ஒரு நாள் கூலியையும் ஏற்க வேண்டும்.

மஞ்சூரிலிருந்து ஒரு தந்தை: மருத்துவர்களே குறைவாக இருக்கும்போது, கெடு விதித்தால் அவசரமாக அறுத்துவிடமாட்டார்களா?

நியாயமான அச்சம். காத்திருக்கும் காலத்துக்குத்தான் கெடு. எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரும் குடும்பமும்தான் தீர்மானிக்க வேண்டும். சட்டத்துடன் நிதியும் பணியிடங்களும் வராவிட்டால் நீங்கள் அஞ்சுவது நடக்கும் என்பதையும் மறுக்கமாட்டேன்.

கோத்தகிரித் தாய் மீண்டும்: சட்டம் வரும்வரை நாங்கள் என்ன செய்வது?

பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் மகளின் முதுகைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பரிந்துரைச் சீட்டில் தேதி போட்டு வாங்கி, நகலெடுத்து வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்தச் சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே விசாரியுங்கள். பழைய எக்ஸ்-ரேக்களைத் தூக்கி எறியாமல் ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள். வளைவு கூடுகிறதா என்பதை மருத்துவர் அவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.