மருத்துவர் பதில்: லடாக்கில் கபடி ஆடப் போகும் அணிக்கு

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கபடி அணி நாங்கள். டயாலிசிஸ் செலவுக்குத் திண்டாடும் எங்கள் வட்டார நோயாளிகளுக்கு நிதி திரட்ட, செப்டம்பர் முதல் வாரம் லடாக்கின் பாங்காங் ஏரிக்கரையில் காட்சிப் போட்டி ஆட ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆட்டக்காரர்கள் 14 பேர், வயது 19 முதல் 33. கூட வரும் பொறுப்பாளர் அண்ணனுக்கு 52 வயது. பிரஷருக்கு டெல்மிசார்டானும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். ரைடர் ஒருவருக்கு ஆஸ்துமா. முதல் நாள் காலை டெல்லியிலிருந்து லேவுக்கு விமானம், இரண்டாம் நாள் கர்துங் லா கணவாய், மூன்றாம் நாள் பாங்காங்கில் போட்டி, அன்றிரவு அங்கேயே கூடாரம், நான்காம் நாள் லே, ஐந்தாம் நாள் ஊர். தினமும் குன்றக்குடி மலைப்படி ஏறி இறங்குகிறோம். இது போதுமா? டயமாக்ஸ் மாத்திரை போட வேண்டுமா? கற்பூரம் முகர்ந்தால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா?
– அணித் தலைவர், காரைக்குடி வட்டம்

பதில்: உடம்பைத் தயார் செய்கிறீர்கள், பயணத் திட்டம்தான் தயாராக இல்லை. இந்த ஐந்து நாள் கணக்கோடு போனால் உங்களில் பலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது அதைவிட மோசமானது வரவும் இடமிருக்கிறது. படிக்கட்டைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் திட்டத்தைக் கலைத்துப் போடுவோம்.

காரைக்குடி கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரமில்லை. லே சுமார் 3,500 மீட்டர். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான், குறைவது அழுத்தம். நம் ஊரில் 760 மி.மீ. பாதரசம் என்றால் அங்கே ஏறக்குறைய 500. ஒவ்வொரு மூச்சிலும் இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் உள்ளே போகும். பாங்காங்கில் (4,225 மீட்டர்) இன்னும் குறைவு. உடம்பு இதை ஈடுகட்ட முதலில் மூச்சை வேகப்படுத்தும். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து காரத்தன்மை ஏறும், அது மூச்சுக்குக் கடிவாளம் போடும். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றிச் சமன் செய்த பிறகுதான் மூச்சு முழு வேகம் பிடிக்கும். இதற்குச் சில நாள் பிடிக்கும். தொடை வலுவோ ஸ்டாமினாவோ இந்த வேலையை ஒரு மணி நேரம்கூட முந்த வைக்காது. திடகாத்திரமான பையன்கள் மலையில் அதிகம் மாட்டிக்கொள்வதற்குக் காரணமே, வந்து இறங்கிய அன்றைக்கே ஓடியாடுவதுதான்.

பாங்காங்கில் இரவு தங்குவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, பலர் வரைபடத்தில் கவனிப்பதில்லை. உயரத்துக்குப் பழகாத உடம்புக்கு வரும் ‘உயர நோய்’க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஆனால் ஏரிக்கரையிலிருந்து லேவுக்குத் திரும்ப, 5,300 மீட்டருக்கும் மேலே இருக்கும் சாங் லா கணவாயை ஏறிக் கடக்க வேண்டும். நள்ளிரவில் ஒருவனுக்கு நுரையீரலில் நீர் கோத்தால், அவனை ஆயிரம் மீட்டர் மேலே தூக்கிக்கொண்டு போய்த்தான் கீழே இறக்க முடியும். பக்கத்து ஊரான தாங்ட்சே ஏரியைவிடச் சில நூறு மீட்டர்தான் தாழ்வு. ஆகவே போட்டி லேவிலேயே நடக்கட்டும். அங்கே மைதானம் உண்டு, எஸ்.என்.எம். மருத்துவமனை உண்டு. ஏரிப் படம்தான் நன்கொடையாளர்களுக்கு வேண்டுமென்றால், போட்டி முடிந்த மறுநாள் விடியலில் கிளம்பி, ஏரியைப் பார்த்துவிட்டு இருட்டுமுன் லே திரும்பிவிடுங்கள். அங்கே ஆட வேண்டாம்.

ஸ்ரீநகர் வழியாகப் போக முடிந்தால் அதுவே நல்லது. ஸ்ரீநகர் 1,600 மீட்டர், முதல் இரவு கார்கில் 2,700, இரண்டாம் இரவு அல்ச்சி 3,100, மூன்றாம் இரவு லே. உடம்புக்குப் படிப்படியாகச் சொல்லி வைத்த மாதிரி இருக்கும். மணாலி சாலை வேண்டாம். அந்த வழியில் வழக்கமாகத் தங்கும் சர்ச்சூ 4,200 மீட்டருக்கு மேல், பழகாத உடம்போடு முதல் ராத்திரியே அங்கே படுப்பது ஆபத்து. விமானத்தில்தான் லே போவீர்கள் என்றால் முதல் 48 மணி நேரம் அறை, சாப்பாடு, மெதுவான நடை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் கடைத்தெரு வரை நடக்கலாம், சாந்தி ஸ்தூபப் படிகளைப் பாதி ஏறி இறங்கலாம். நான்காம் நாள் அரை மணி லேசான பயிற்சி. ஐந்தாம் அல்லது ஆறாம் நாள் போட்டி. கர்துங் லா போட்டிக்குப் பிறகு, அதுவும் வண்டியில் போய், அங்கே கால் மணிக்கு மேல் நிற்காமல் திரும்புவதாக. விடுப்பு போதாது என்றால் கர்துங் லாவை வெட்டுங்கள், ஓய்வு நாட்களை வெட்டாதீர்கள்.

இனி ஆட்டம். மற்ற விளையாட்டுகளைவிடக் கபடியில் எனக்குக் கூடுதல் கவலை உண்டு. ரைடர் மூச்சு இழுக்காமல் பாடிக்கொண்டே 30 விநாடி போராடுகிறார், பிடிபட்டால் நான்கைந்து பேர் மேலே விழுந்து அமுக்க, மூச்சை அடக்கித் திமிறுகிறார். கடல்மட்டத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் 98 சதவீதத்திலிருந்து தொடங்குவதால் இந்தப் பாட்டை உடம்பு தாங்கும். லேவில் தொடக்கமே 88, 90 என்றால், பாட்டு முடிவதற்குள் கண் இருட்டிவிடும். கடுமையான உழைப்பு நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்தையும் ஏற்றும், நீர் கோப்பதற்கு அதுதான் வழி. காட்சிப் போட்டிதானே, விதியைத் தளர்த்தலாம். ரைடை 15 விநாடியாக்குங்கள். 20 நிமிடப் பாதிகளுக்குப் பதில் 5 நிமிடமாக நான்கு சுற்று, இடையில் 5 நிமிட ஓய்வு. ஒருவர் தொடர்ந்து இரண்டு ரைடு போகக் கூடாது. ஏழு பேர் ஆட, மற்றவர்கள் சுற்றுக்குச் சுற்று மாறட்டும். அமுக்கிப் பிடித்ததும் விசில், உடனே எழுந்துவிட வேண்டும். ஆடுகள விரிப்பை முன்கூட்டியே விரித்துத் தூசியைத் துடையுங்கள். காலை 10 மணிக்கு முன்பே முடித்துவிட்டால் வெயிலும் மிச்சம். உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை. காற்று சில்லென்று இருந்தாலும் தோல் வெந்துவிடும்.

குன்றக்குடிப் படிகள் நல்ல யோசனைதான், பத்து வாரம் செய்யுங்கள். வாரம் இரண்டு நாள் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் 45 நிமிட ஓட்டம் அல்லது சைக்கிள். ஒரு நாள் 5 கிலோ பையோடு படி, போகப் போக 8 கிலோ. இறங்குவதையும் கணக்கில் வையுங்கள், முட்டிக்கு வேலை இறங்கும்போதுதான். இரண்டு நாள் களத்தில் 15 விநாடி ரைடு, 60 விநாடி ஓய்வு, எட்டு முறை. காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், நம் ஊர் வெயிலில் பகல் பயிற்சி எடுத்து நீர் வற்றிப்போவதில் லாபமில்லை. கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு கடும் பயிற்சியை நிறுத்துங்கள். மூச்சை அடைக்கும் ‘ஆல்டிடியூட்’ முகமூடி மார்புத் தசைக்கு வேலை கொடுக்கும், உயரத்துக்குப் பழக்காது. கொடைக்கானலில் (2,100 மீட்டர்) இரண்டு நாள் தங்குவதாலும் லேவுக்குப் பெரிதாக உதவி இல்லை. குளிருடை, ஷூ, தூக்கப் பை ஒத்திகைக்கு வேண்டுமானால் போய் வரலாம்.

ஹீமோகுளோபின் சோதனையை இந்த வாரமே எல்லோருக்கும் எடுங்கள். குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை வேலை காட்ட ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும், ஆகஸ்ட் கடைசியில் எடுத்துப் பயனில்லை. கிளம்பும் வாரத்தில் காய்ச்சல், சளி இருமல் உள்ளவர் ஊரிலேயே இருக்கட்டும்.

லேவில் தினமும் காலை, பல் தேய்த்ததும் ஒரு நோட்டில் நான்கு கேள்விக்கு ஒவ்வொருவரும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும்: தலைவலி, குமட்டல் அல்லது பசியின்மை, அசதி, தலைசுற்றல். தலைவலி இருந்து, மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அது உயர நோய்தான். அன்றைக்கு அவருக்கு ஆட்டம் கிடையாது, மேலே ஏறுவதும் கிடையாது. பாராசிட்டமால், தண்ணீர், ஓய்வு. ஒரு நாளில் குறையாவிட்டாலோ கூடினாலோ மருத்துவமனை. விரல் ஆக்சிமீட்டரில் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, கையைத் தேய்த்துச் சூடாக்கி அளவு பாருங்கள். குளிர்ந்த விரலில் பொய் எண் காட்டும், கல்யாண வீட்டு மருதாணி அழியாத விரலிலும் தப்பாகக் காட்டலாம். முதல் நாட்களில் 84 முதல் 92 வரை வருவது இயல்பு. எண்ணை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். மற்றவர்களைவிட ஒருவருக்கு மட்டும் ரொம்பக் கீழே இருந்து, ஆளும் சோர்ந்திருந்தால்தான் கவலை.

இந்த நோட்டில் பொய் எழுதுவார்கள். நன்கொடை வாங்கிவிட்டோம், பேனர் கட்டிவிட்டோம், என்னால் ஆட்டம் நின்றது என்று பேர் வரக் கூடாது என்று தலைவலியை மறைப்பது இளவட்டத்தின் வழக்கம். அதனால் இரண்டு காரியம் இங்கிருந்தே செய்யுங்கள். நன்கொடை நோட்டீசிலேயே ‘மருத்துவக் காரணத்தால் போட்டி சுருக்கப்படலாம் அல்லது ரத்தாகலாம்’ என்று அச்சடியுங்கள். ‘நீ ஆடாதே, இறங்கு’ என்று சொல்லும் அதிகாரம் அணித் தலைவரான உங்களிடம் இருக்கக் கூடாது, ஆடாத ஒருவரிடம் இருக்கட்டும்.

இரண்டு நிலைகள் உயிருக்கு ஆபத்து. முதலாவது மூளை வீக்கம். பேச்சு குழறும், நடை தள்ளாடும். சந்தேகமென்றால் போனஸ் கோட்டின் மேல் குதிகாலும் விரலும் தொட்டுத் தொட்டு நடக்கச் சொல்லுங்கள். விலகினால் தூங்கவிடாதீர்கள், ஆக்சிஜன் வைத்து உடனே மருத்துவமனை. டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி. அப்போதே, பிறகு ஆறு மணிக்கொரு தரம் 4 மி.கி. இரண்டாவது நுரையீரல் நீர்க்கோவை. பெரும்பாலும் இரண்டாம் முதல் நான்காம் இரவுக்குள் வரும், எப்போதும் தலைவலியோடு வராது. நேற்று இரண்டு நிமிடத்தில் மூச்சு திரும்பிய பையனுக்கு இன்று பத்து நிமிடமாகியும் இரைக்கிறதா, வறட்டு இருமலா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, அதுதான். நடக்கவிடாமல், உட்கார்ந்த நிலையில், போர்த்தி, அளவு 90-ஐத் தொடும்வரை ஆக்சிஜன் கொடுத்து மருத்துவமனைக்கு வண்டியில் கொண்டு போங்கள். ஆக்சிஜன் கைவசம் இல்லாத இடத்தில் மட்டும் நிஃபெடிபின் (மெதுவாக மருந்தை விடும் வகை) 30 மி.கி. இந்த மாத்திரைகளை உங்கள் மருத்துவர் எழுதித் தந்த சீட்டோடு எடுத்துப் போங்கள்.

கடையில் விற்கும் ஆக்சிஜன் டின் சில நிமிடத்துக்குத்தான் வரும், வாங்காதீர்கள். லேவில் ‘பி’ வகை சிலிண்டர் வாடகைக்கு எடுங்கள். நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 4 லிட்டர் வீதம் ஆறு மணி நேரம் வரும். வாங்கும்போதே திறந்து மீட்டரைப் பாருங்கள். சிலிண்டர் இருக்கும், வால்வு சாவி இருக்காது, மாஸ்க் ஓட்டையாக இருக்கும். பாங்காங் போகும் வண்டியிலும் ஒன்று போகட்டும். இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு சிம் இருக்கட்டும்.

டயமாக்ஸ் (அசெட்டசோலமைடு) விமானத்தில் போவோருக்குப் பயன்படும். பைகார்பனேட்டை வெளியேற்றும் சிறுநீரகத்தின் வேலையை இது முடுக்கிவிடுகிறது. 250 மி.கி. மாத்திரையில் காலை பாதி, இரவு பாதி. ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து லே சேர்ந்த இரண்டாம் நாள் வரை. விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றவர்களும் ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். முக்கியமாக, இது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது, சிறுநீர் பெருக்கி வகையில். மாநில, தேசியப் போட்டி ஆடுபவர் உங்கள் அணியில் இருந்தால் மாத்திரையைத் தொடுவதற்கு முன் முறையான மருத்துவ விலக்கு பெற வேண்டும், இல்லையேல் ஸ்ரீநகர் வழியில் நிதானமாக ஏறட்டும். டெக்ஸாமெத்தசோன் மாத்திரையும் போட்டிக் காலத்தில் தடை. ஆனால் உயிர் போகும் நேரத்தில் அதை யோசிக்காதீர்கள், பிறகு விலக்குக் கேட்கலாம். கற்பூரம் மூக்குக்கு இதமாக இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றாது. பூண்டும் அப்படியே.

சாப்பாட்டில், எண்ணெய் மிதக்கும் கோழிக் குழம்பை முதல் மூன்று நாள் தள்ளி வையுங்கள். பசி குறையும், செரிமானம் மந்தப்படும். சோறு, ரசம், பொங்கல், உருளைக்கிழங்கு போதும். தண்ணீர் லேவில் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி சரியாக வேகாது, பருப்பைக் கேட்கவே வேண்டாம். கையில் மாவுருண்டையும் கடலை மிட்டாயும் இருக்கட்டும், பசிக்காதவரும் இரண்டு கடிப்பார். தண்ணீர் நாளுக்கு மூன்று லிட்டர் போதும், அதற்கு மேல் வலுக்கட்டாயமாகக் குடிப்பதும் ஆபத்து. மது, தூக்க மாத்திரை இரண்டும் கூடாது.

ஆஸ்துமா தம்பி கடந்த மூன்று மாதம் இரவில் இரைப்பு இல்லாமல் இருந்தால் போகலாம். தடுப்பு இன்ஹேலரை விடக் கூடாது. நிவாரண இன்ஹேலரை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்து, ஆட்டத்துக்கு 15 நிமிடம் முன்பு இரண்டு முறை இழுக்கட்டும். குளிரில் விறைத்த இன்ஹேலர் சரியான அளவு மருந்தைத் தராது.

பொறுப்பாளர் அண்ணனுக்கு ஈ.சி.ஜி., டிரெட்மில் சோதனை, மூன்று மாத சர்க்கரை அளவு மூன்றும் வேண்டும். உயரத்தில் முதல் வாரம் பிரஷர் ஏறும். இங்கேயே 150-க்கு மேல் நிற்கிறதென்றால் அதைக் கட்டுப்படுத்திய பிறகே பயணம். கிளிமிபிரைடு, சாப்பாடு குறையும் நேரத்தில் சர்க்கரையைச் சடாரென்று இறக்கும், அந்தத் தலைசுற்றலையும் அசதியையும் உயர நோய் என்று தப்பாக நினைத்துவிடுவீர்கள். தலை சுற்றினால் முதலில் குளுக்கோமீட்டர். அதையும் ஸ்ட்ரிப்பையும் சட்டைக்குள் வைத்திருக்கட்டும், குளிரில் தப்பாகக் காட்டும். மாத்திரை அளவை அவருடைய மருத்துவர் கிளம்புமுன் குறைக்க வேண்டி வரலாம். சோதனைகள் சரியாக வந்தால் அவர் லே வரை வரட்டும், பாங்காங் வேண்டாம். ‘ஆடாதே’ என்று சொல்லும் பொறுப்பு, காலை நோட்டு, சிலிண்டர் சாவி மூன்றையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.