டொக்டரிடம் கேளுங்கள்: போத்தல் தேத்தண்ணியும் பாணி மருந்தும்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. மூளைவாதம் காரணமாக அவனால் தானாக உட்காரவோ பிரஷைப் பிடிக்கவோ முடியாது. வலிப்புக்குத் தினமும் இருவேளை பாணி மருந்து கொடுக்கிறோம். நான் கொழுந்து எடுக்கப் போனபின், பாட்டி சீனி போட்ட தேத்தண்ணியைப் போத்தலில் கொடுத்து அவனைத் தூங்க வைப்பார். முன்பற்கள் கறுத்துவிட்டன. துலக்கப் போனால் வாயை இறுக மூடிக்கொள்கிறான். இத்தகைய பிள்ளைகளுக்குச் சூத்தை வருவது இயல்பு என்று அயலவர்கள் சொல்வது உண்மையா?
– தாய் ஒருவர், பொகவந்தலாவை

பதில்: இயல்பன்று, அம்மா. மூளைவாதம் பல்லை அரிப்பதில்லை. பல்லைச் சுற்றிச் சீனி தங்குவதற்கு வழிவிடுகிறது, அவ்வளவே. மற்றப் பிள்ளைகளின் நாக்கு மிச்ச உணவைத் துழாவி எடுத்துவிடும். தசை இறுகிய பிள்ளைக்கு அது கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையிலேயே கிடக்கும். சீனி பட்டதும் வாயிலுள்ள கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தைத் தணிக்க உமிழ்நீருக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் செல்லும். உறக்கத்தில் உமிழ்நீரே குறைந்துவிடுவதால், போத்தலைச் சப்பியபடி உறங்கும் பிள்ளையின் மேல் முன்பற்கள்தாம் முதலில் கறுக்கின்றன. பாட்டியைக் கடிந்துகொள்ள வேண்டாம். அழும் பிள்ளையைத் தனியே சமாளிப்பவர் அவர். சில நாளுக்கு ஒருமுறை கால் கரண்டி சீனியைக் குறைத்துவாருங்கள். இறுதியில் உறங்கும்போது கொடுக்கும் போத்தலில் கொதித்தாறிய தண்ணீர் மட்டுமே இருக்கட்டும்.

வலிப்பு மருந்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். சீனி சேராத பாணி உண்டா என்று கிளினிக்கில் கேளுங்கள். இல்லையெனில் மருந்து கொடுத்ததும் ஈரத்துணியால் பற்களைத் துடைத்துவிடுங்கள்.

துலக்குவதற்கு இஸ்தோப்பில் வெளிச்சம் விழும் பக்கமாக உட்கார்ந்து, அவன் தலையைச் சற்று உயர்த்தி உங்கள் மார்பில் சாய்த்துக்கொள்ளுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் புரையேறும். ஒரு விரலால் கன்னத்தை உட்புறமிருந்து விலக்கிப் பிடியுங்கள். ஆனால் மேல், கீழ்ப் பற்களுக்கிடையே விரலை ஒருபோதும் வைக்காதீர்கள், ஏனெனில் அவன் அறியாமலேயே கடித்துவிடுவான். முதல் வாரம் நான்கு பற்களைத் துலக்கினாலே போதும். புளோரைட் உள்ள பற்பசையை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். குழாயில் புளோரைட்டின் அளவு 1350 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அநுராதபுரத்துக் கிணறுகளில் புளோரைட் மிகையாக இருப்பது போல் நம் மலை ஊற்றுகளில் இருப்பதில்லை. ஆகவே அது பற்பசையிலிருந்தே கிடைக்க வேண்டும், கரித்தூளும் உப்பும் அதற்கு ஈடாகா. நுரையைத் துணியால் ஒற்றியெடுங்கள், வாயைக் கழுவ வேண்டாம். இரவில் கடைசி உணவுக்கும் மருந்துக்கும் பின் துலக்குவதைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று. பால்பற்களுக்குப் பின்னால் 6 வயதளவில் முளைக்கும் கடைவாய்ப்பற்களையும் பால்பற்கள் என்றே பலர் விட்டுவிடுகிறார்கள். அவை விழுந்து முளைப்பவை அல்ல. அவற்றின் மீது பல் மருத்துவர் புளோரைட் வார்னிஷ் என்னும் பாதுகாப்புப் பூச்சைப் பூசுவார். ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும், 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை பூச வேண்டும். கறுத்த பற்களுக்கு மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்ய நேர்ந்தால், பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடும். போகும்போது கிளினிக் கொப்பியையும் மருந்துப் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவன் என்ன மருந்து குடிக்கிறான் என்று தெரிந்த பின்பே அங்குள்ளவர்கள் மயக்க மருந்தைத் தீர்மானிக்க முடியும்.