வீட்டில் செய்த புரோட்டீன் ஸ்கிம்மர்: குழாய் வேலை பற்றிய கேள்விகளும் பதில்களும்

புரோட்டீன் ஸ்கிம்மர் என்பது கடல்நீர் மீன் தொட்டியின் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி. எந்த வகை ஸ்கிம்மரைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 4 அங்குல பிவிசி பைப்பை, அதாவது ஹார்டுவேர் கடையில் 110 மி.மீ. என்று கேட்டு வாங்குவதை, நிற்க வைத்து அடியை மூடி, மேலே கழுத்தும் நுரைக் கோப்பையும் பொருத்திய எதிரோட்ட ஸ்கிம்மர் இது. தண்ணீர் மேல்பக்கம் நுழைந்து கீழே இறங்கும். அடியில் உள்ள மர ஏர் ஸ்டோனிலிருந்து, அதாவது ஏர் பம்ப்பின் காற்றைப் பொடிக் குமிழிகளாக்கும் மரக்கட்டையிலிருந்து, குமிழிகள் மேலே ஏறும். மீன் கழிவிலும் மீந்த தீனியிலும் இருந்து வரும் புரதமும் கொழுப்பும் குமிழிகளின் மேல் ஒட்டிக்கொண்டு, நுரையாகக் கோப்பையில் சேரும். அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே அழுக்கு வெளியே போய்விடுகிறது.

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: பைப்புக்குள் தண்ணீர் மட்டம் நிலையாக நிற்கவில்லை.

கேள்வி: அண்ணா, உள்ளே வருவதும் வெளியே போவதும் அரை அங்குல பைப்தான். வெளியேற்றத்தில் பால் வால்வு வைத்திருக்கிறேன். கொஞ்சம் மூடினால் கோப்பை நிரம்பி வழிகிறது, கொஞ்சம் திறந்தால் நுரை கழுத்துக்கே வருவதில்லை. என்ன செய்வது?

தம்பி, இரண்டு விஷயங்களை மாற்றுங்கள். உள்ளே தண்ணீரைப் பம்ப் தள்ளுகிறது. வெளியே போகும் தண்ணீர் தன் எடையால் மட்டுமே போகிறது. அதனால் வெளியேற்றும் பைப் பெரிதாக இருக்க வேண்டும். அரை அங்குலம் உள்ளே வந்தால் ஒரு அங்குலம் வெளியே.

அடுத்தது வால்வு. பால் வால்வு கால் சுற்றில் முழுதாகத் திறந்து மூடுவதற்காகச் செய்தது. நமக்கு வேண்டியதோ மட்டத்தை ஒரு செ.மீ. ஏற்றி இறக்கும் நுணுக்கம். அதற்கு, பல சுற்று சுற்ற வேண்டிய பிளாஸ்டிக் கேட் வால்வுதான் சரி.

என்னைக் கேட்டால் வால்வே வேண்டாம். வெளியேற்றும் பைப்பை அடியிலிருந்து எடுத்து, வெளிப்பக்கமாக மேலே ஏற்றி, உச்சியில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அங்கிருந்து சம்புக்கு, அதாவது மீன் தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டிக்கு, இறக்குங்கள். அந்த டீயின் உயரம்தான் ஏறத்தாழ உள்ளே தண்ணீர் நிற்கும் உயரம். ஏறும் பைப்பின் ஒரு இணைப்பை ஒட்டாமல், ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும்படி ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போட்டு விட்டால், கையால் ஏற்றி இறக்கியே மட்டத்தைச் சரி செய்யலாம். வால்வில் நத்தையோ பாசியோ அடைத்துக்கொண்டு நள்ளிரவில் வழியும் பயமும் இல்லை. கழுத்து தொடங்கும் இடத்துக்கு ஐந்தாறு செ.மீ. கீழே மட்டம் நிற்கும்படி வைத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்ன மாதிரிதான் டீ போட்டேன் சார். ஆனால் தண்ணீர் ஏறுகிறது, திடீரென்று களகளவென்று இறங்கிவிடுகிறது, மறுபடி ஏறுகிறது.

டீயின் மேல் வாயை மூடி போட்டு அடைத்திருப்பீர்கள். அதைத் திறந்து விடுங்கள். மேலே காற்று புக வழியில்லை என்றால், இறங்கும் பைப் முழுதாக நிரம்பியதும் சைபன் ஆகி உள்ளிருப்பதை எல்லாம் இழுத்துவிடும். தெறிக்கும் என்று பயமாக இருந்தால், டீக்கு மேல் அரை அடி பைப் வைத்து நுனியைத் திறந்தே விடுங்கள்.

கேள்வி: பைப் எவ்வளவு உயரம், பம்ப் எவ்வளவு பெரியது? என் தொட்டி 200 லிட்டர். கடையில் மணிக்கு 1500 லிட்டர் பம்ப்பைத்தான் கொடுத்தார்கள்.

ஏர் ஸ்டோன் வகைக்கு அது ரொம்பப் பெரியது. கணக்கைப் பாருங்கள். உள்விட்டம் 10 செ.மீ., தண்ணீர் நிற்கும் உயரம் 60 செ.மீ. என்றால் உள்ளே பிடிப்பது 4.7 லிட்டர். மணிக்கு 150 லிட்டர் ஓடினால் ஒவ்வொரு சொட்டும் ஏறத்தாழ இரண்டு நிமிடம் குமிழிகளோடு இருக்கும். 1500 லிட்டர் ஓடினால் 11 விநாடிதான். போதாததற்கு, கீழே இறங்கும் வேகத்தில் குமிழிகளையும் வெளியேற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். மணிக்கு 150 முதல் 200 லிட்டர் வரை உங்கள் தொட்டிக்குப் போதும்.

பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் எண் தூக்கும் உயரம் இல்லாதபோது வருவது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு வாளியும் கைக்கடிகாரமும் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிய பம்ப்பை வீணாக்க வேண்டியதில்லை. ஒரு டீ போட்டு, பெரும்பகுதியைத் தொட்டிக்கும் கொஞ்சத்தை மட்டும் ஸ்கிம்மருக்கும் பிரித்து விடலாம்.

கேள்வி: கழுத்துக்கும் கோப்பைக்கும் குளிர்பான பாட்டிலை வெட்டிப் பயன்படுத்தலாமா? பிவிசி பசை ஒட்டவே மாட்டேன் என்கிறது.

தாராளமாகப் பயன்படுத்தலாம். நுரை எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்க, கழுத்து தெளிவாகத் தெரியத்தான் வேண்டும். ஆனால் சால்வென்ட் சிமெண்ட் என்பது பிவிசியைக் கரைத்து ஒன்றாக்கும் பொருள். பாட்டில் பெட் பிளாஸ்டிக், அது அதில் கரையாது. சிலிக்கானும் பிவிசியில் உறுதியாகப் பிடிக்காது. ஓ-ரிங் வைத்து இறுக்கமாகச் செருகும்படி செய்யுங்கள். எப்படியும் கோப்பையை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும். பிவிசி இணைப்புகளை முதலில் பசையில்லாமல் பொருத்திப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு ஒரு முழு நாள் காயவிட்டு, நன்றாகக் கழுவுங்கள். பம்ப்புக்குப் பக்கத்தில் யூனியன், அதாவது திருகிக் கழற்றும் இணைப்பு, போடாமல் விட்டால் பிறகு பைப்பை அறுக்க வேண்டிவரும்.

கேள்வி: எங்கள் ஊர் ப்ளம்பர் பித்தளை வால்வுதான் உழைக்கும் என்கிறார். போடலாமா?

கூடவே கூடாது. பித்தளையில் செம்பு இருக்கிறது. உப்புத் தண்ணீர் அதை அரித்துக் கரைக்கும். மீன் தாங்கும் அளவு செம்பைக்கூட இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. வீட்டுக் குழாய்க்கு அவர் சொல்வது சரி, கடல்நீருக்கு இல்லை. இரும்பு கிளாம்ப்பும் வேண்டாம், துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் டை போதும். திருகு இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பைப்பில் ஈயம் இல்லை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பிவிசி பைப்பில் ஈயச் சேர்மானத்தைக் கட்டுப்படுத்தி 2021இல் மத்திய அரசு விதிகளே கொண்டுவந்திருக்கிறது.

கேள்வி: தொட்டி முழுக்கப் பொடிக் குமிழி. பாலில் மீன் நீந்துவது போல இருக்கிறது.

ஏர் ஸ்டோன் வெளியேற்றத் துளைக்குக் கீழே இருக்கிறதா பாருங்கள். இருந்தால் துளைக்கு மேலே ஏற்றி வையுங்கள். துளைக்குக் கீழே விட்ட குமிழி நேராக வெளியேதான் போகும். அது சரியாக இருந்தால், விழும் தண்ணீர் சம்பில் ‘தொபதொப’ என்று கொட்டாமல், பைப் நுனி நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். சம்பில் கண்ணாடித் தடுப்புகள் வைத்து, தண்ணீரை ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழும் போக விட்டால் மிச்சமும் அடங்கிவிடும்.

கேள்வி: பத்து நாள் ஆகிவிட்டது, கோப்பை காலி. இரண்டு குட்டி மீன்தான் இருக்கின்றன. எங்கே தவறு?

தவறு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். புதுப் பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை நுரையை உடைக்கும். அது போக ஒன்றிரண்டு வாரம் ஆகும். வினிகர் கலந்த தண்ணீரில் கழுவினால் சீக்கிரம் போகும். கையைத் தொட்டிக்குள் விட்டாலும், எண்ணெய்ப் பதமுள்ள தீனி போட்டாலும் சில மணி நேரம் நுரை படுத்துவிடும். அதோடு இரண்டு குட்டி மீனுக்கு அழுக்கே எவ்வளவு இருக்கும்? தினமும் மட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்காமல் ஒரு வாரம் தொடாமல் விடுங்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. கரண்ட் போய் வந்தாலே கோப்பை வழிகிறது. வாடகை வீடு அண்ணா, தரையெல்லாம் உப்புத் தண்ணீர்.

கரண்ட் போனதும் மேலே உள்ள மீன் தொட்டியில் இருந்து தண்ணீர் சம்புக்கு இறங்கி, அங்கே மட்டம் உயர்ந்துவிடுகிறது. ஸ்கிம்மர் சம்புக்குள்ளேயே நிற்கிறது அல்லவா? கரண்ட் வந்ததும் அந்த உயர்ந்த மட்டத்திலேயே அது ஓடத் தொடங்கி வழிகிறது. ஸ்கிம்மருக்கு மட்டும் ஐந்து, பத்து நிமிடம் தாமதித்து ஓடும் டைமர் வையுங்கள் தங்கை. அதற்குள் சம்பிலிருந்து மீன் தொட்டிக்கு ஏற்றும் பம்ப் தண்ணீரைத் தூக்கிவிடும். சம்பில் ஸ்கிம்மர் நிற்கும் அறையைத் தடுப்பு வைத்துப் பிரித்து, அங்கே மட்டம் மாறாமல் செய்துவிட்டால் இன்னும் நல்லது.

ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்திருக்கிறீர்களா? கீழே இருந்தால் கரண்ட் போனதும் டியூப் வழியாக உப்புத் தண்ணீர் மோட்டாருக்குள் போகும். ஒருவழி வால்வு போட்டாலும், அதை மட்டும் நம்ப வேண்டாம். எல்லா ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி ஏறட்டும். மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் கடல்நீர்த் தொட்டி ஓட்டாதீர்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் முதலில் கொடுக்க வேண்டியது தண்ணீரைச் சுழற்றும் பம்ப்புக்கு, ஸ்கிம்மருக்கு இல்லை.

கேள்வி: ஸ்கிம்மர் நன்றாக ஓடுகிறது, கறுப்பாக அழுக்கும் வருகிறது. ஆனாலும் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவில்லையே?

ஸ்கிம்மர் நைட்ரேட்டை எடுக்காது. அழுகிக் கடைசியில் நைட்ரேட் ஆகப்போகும் அழுக்கில் ஒரு பகுதியைத்தான் எடுக்கும். 2009இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மனின் குழு சில ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தது. தண்ணீரில் உள்ள கரிமப் பொருளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவற்றால் எடுக்க முடியவில்லை. விலை உயர்ந்ததும் அப்படித்தான். கையால் செய்தவர்கள் மனம் தளர வேண்டாம் என்பதற்காகவே இதை எல்லோரிடமும் சொல்கிறேன். தீனியைக் குறையுங்கள், தண்ணீரை மாற்றுங்கள்.

கேள்வி: ராமேஸ்வரம் பக்கமிருந்து நண்பர் உயிருள்ள பவளம் கொண்டுவருகிறார். அதற்காகத்தான் ஸ்கிம்மர் செய்கிறேன்.

வேண்டாம் என்று அவரிடம் இன்றே சொல்லுங்கள். கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், மன்னார் வளைகுடாப் பவளம் ஏற்கெனவே கடல் சூடேறி வெளுத்துத் தவிக்கிறது. மீன்களோடு தொடங்குங்கள், ஸ்கிம்மர் அவற்றுக்கும் வேண்டும்.

கேள்வி: தங்கமீன் தொட்டிக்கும் இதே ஸ்கிம்மர் போடலாமா?

பயன் இருக்காது. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி வெடித்துவிடும். உப்புதான் அவற்றைச் சேரவிடாமல் பொடியாகவே வைத்திருக்கிறது.

கேள்வி: எவ்வளவு நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

கழுத்தின் உட்புறத்தை இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை துடைத்துவிடுங்கள். அங்கே படியும் வழவழப்பு நுரையை மேலே ஏறவிடாது. மர ஏர் ஸ்டோனை ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் மாற்றுங்கள். குமிழி பெரிதாகத் தெரிந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள். கோப்பையில் தேநீர் நிறத்தில் நிறையத் தண்ணீராக வந்தால், உப்பும் கூடவே போகிறது என்று பொருள். 200 லிட்டர் தொட்டியில் மூன்று லிட்டர் அப்படிப் போய், அந்த இடத்தை நன்னீரால் நிரப்பினால் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கில் இருந்து 34.5க்கு இறங்கும். அப்போது மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, உப்பை அளந்து பாருங்கள்.